பேய் எப்பப்பா டான்ஸ் ஆடும்?

பேய்ப் படத்துக்குப் போய்ப் பயப்படணும்னு ஆசைப்படுறது அவ்வளவு பெரிய குத்தமாய்யா? டிரெய்லர்ல இருட்டு, சலங்கைச் சத்தம், பாழுங்கிணறு எல்லாம் காட்டுறீங்க. நம்பி உள்ள போனா, நாலு காமெடியனுங்க கட்டிலுக்கு அடியில ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து கிடக்கானுங்க. பேய் வர்றதே இடைவேளைக்குத்தான். வந்ததும் ஒருத்தனைப் பளார்னு அறையுது, தியேட்டரே கைதட்டுது. போன தடவை பக்கத்து சீட்டுல ஒரு வாண்டு அவங்கப்பாகிட்ட, "பேய் எப்பப்பா டான்ஸ் ஆடும்?"ங்கிறான். அவன் மேல தப்பே இல்ல.

எனக்குல்லாம் பேய்னா கைகால் உதறும். சன் டிவியில 'விடாது கருப்பு' மர்ம சீரியல் ஓடின காலத்துல, ராத்திரி கொல்லைப்பக்கம் போகணும்னா அம்மா வாசப்படியில நின்னு பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு நின்னா பாதியில ஓடி வந்துருவேன். வளர வளர அந்தப் பயமே ருசியாயிடுச்சு, தேடித் தேடிப் பார்த்தேன். 2009ல ஒரே வருஷத்துல 'யாவரும் நலம்', 'ஈரம்' ரெண்டும் வந்துச்சு. முதல் படத்துல அப்படி என்ன நடக்குது? புது ஃபிளாட்டுக்குக் குடி வர்றாங்க. பால் திரியுது. மாதவன் தனியா ஏறினா லிஃப்ட் நகர மாட்டேங்குது. மத்தியானம் ஒரு மணிக்கு டிவியில ஒரு சீரியல், அதுல இவங்க வீட்டுக் கதையே ஓடுது. அவ்ளோதான்! வீட்டுப் பொம்பளைங்க சோத்தை வடிச்சு வெச்சுட்டுப் பார்க்குற சீரியலுக்குள்ள கொண்டுபோய்ப் பேயை உட்கார வெச்சாரு பாருங்க டைரக்டர் விக்ரம் குமார், அது மூளை. 'ஈரம்' எடுத்த அறிவழகனுக்குப் பயமுறுத்த வெறும் தண்ணியே போதுமானதா இருந்துச்சு.

அப்புறம் 2011ல 'காஞ்சனா'. அதைக் குறை சொல்ல மாட்டேன், சரத்குமார் திருநங்கையா வந்து நின்ன கம்பீரம் இன்னும் மறக்கல. ஆனா அது ஓடு ஓடுன்னு ஓடினதுதான் வினை. அதுலேருந்து அரைச்ச மாவையே அரைக்கிறாங்க. 'அரண்மனை' மட்டும் 2014, 2016, 2021, 2024ன்னு நாலு பாகம். ஒரு பெரிய பங்களா, ஒரு கவர்ச்சிப் பாட்டு, அநியாயமா செத்த ஒரு ஜீவன், அழுகாச்சி ஃபிளாஷ்பேக். நாலாவது பாகத்துல குஷ்பூவும் சிம்ரனும் அம்மன் பாட்டுக்கு ஆடுறாங்க. ஏன்யா, கொலையாகிச் செத்த பொண்ணு பழிவாங்கணும்னாலும் காமெடி டிராக் முடியிற வரைக்கும் வரிசையில நிக்கணுமா?

சீரியஸா எடுக்குறேன்னு கிளம்புற பாதிப் பேரு நம்ம காதைப் பழிவாங்குறாங்க. பூனை குதிச்சா 'டொம்'. கதவு சாத்தினா 'டொம்'. காதுகிட்ட அணுகுண்டு வெடிச்சா எவனுக்கும்தான் தூக்கிவாரிப் போடும், அதுக்குப் பேரு பயமா? வீட்டுக்கு வந்து, பல்லு விளக்கிட்டு நிமிரும்போது கண்ணாடியப் பார்க்கத் தயங்கணும்யா! 'பிசாசு', 'அவள்' மாதிரி எப்பவாவது ஒண்ணு வருது, இல்லேன்னு சொல்லல. எப்பவாவது.

கேட்டா குடும்பத்தோட வரணும், 'ஏ' சர்ட்டிஃபிகேட் ஆயிட்டா டிவியில போட முடியாதுன்னு கணக்கு சொல்லுவாங்க. சரி, உங்க பொழப்பு, எடுங்க. போஸ்டர்ல ரத்தக் கையை அச்சடிக்காம, "இது காமெடிப் படம், பேயும் உண்டு"ன்னு கொட்டை எழுத்துல போட்டுத் தொலைங்க. சிரிக்கிறவன் வரட்டும், நாங்க டிக்கெட் காசை மிச்சம் பண்ணிக்கிறோம்.