கோயில் பார்த்துவிட்டுக் கிளம்புகிற ஊர் இல்லைங்க இது

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். முழுசாகவே பார்த்துவிட்டேன். நேற்று ராத்திரியிலிருந்து இன்பாக்ஸில் அது ஒன்றுதான். “டீச்சர், உங்க ஊரைப் பத்தி என்ன சொல்லியிருக்கார் பாருங்க” என்று சிலர் சிரிப்புப் பொம்மை வேறு சேர்த்து அனுப்புகிறீர்கள்.

அந்த வீடியோவில் பேசுகிறவர், தமிழ்நாட்டில் குடியேறி நிம்மதியாக இருக்க ஏற்ற ஊர்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். கோவை, தென்காசி, ஏற்காடு, ஓசூர்கூட வருகிறது. எல்லாம் நல்ல ஊர்கள்தான், எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஆனால் திருச்சிக்குக் கிழக்கே ஓர் ஊர் கிடையாது. பக்கத்தில் இருந்தவர் “டெல்டா?” என்று கேட்கிறார். “அங்க பெருசுங்கதாங்க இருக்கும். ரெண்டு நாள் கோயில் பாத்துட்டு வரலாம். வாழறதுக்கு என்ன இருக்கு?” என்கிறார் இவர். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பட்டியலில் விட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் அந்தக் காவிரி டெல்டாவில்தான், மன்னார்குடியில் வாழ்கிறேன். கோயில் பார்க்க வந்து பஸ் கிடைக்காமல் தங்கிவிட்டவள் இல்லை. சென்னையில் வேளச்சேரியில் வருஷக்கணக்கில் குடியிருந்து, இங்கேதான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்துத் திரும்பி வந்தவள். அங்கே கொடுத்த வாடகையில் பாதிகூட இல்லாத வாடகைக்கு இங்கே முன்வாசல், கொல்லை, கிணறு, முருங்கை மரத்தோடு தனி வீடு. காலையில் நாகப்பட்டினத்து மீனும் அதிராம்பட்டினத்து மீனும் மார்க்கெட்டுக்கு வந்துவிடும். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், பட்டுக்கோட்டை எதற்கும் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். சென்னைக்கு ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ், கோவைக்குச் செம்மொழி எக்ஸ்பிரஸ். வேறு என்ன வேண்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று, யாருமே கவனிக்காதது. எங்கள் ஊர் மேடு பள்ளம் இல்லாத சமதரை. அறுபது வயதுப் பெண்கள் பாவாடையும் தாவணியுமாகப் பழகிய சைக்கிளை இன்றைக்குப் புடவையோடு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். என் மாணவிகள் மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து வாய்க்கால் கரையோரம் பேசிக்கொண்டே மிதித்து வருவார்கள். ஒரு பெண் பிள்ளை யாரையும் எதிர்பார்க்காமல் தானே பள்ளிக்கூடம் போய் வர முடிகிற ஊர், வாழ்வதற்கு ஏற்ற ஊரா இல்லையா?

மேட்டூர் அணையில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தால் கல்லணை திறந்து, நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு என்கிற மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து எங்கள் பக்கம் வர இன்னும் சில நாள் பிடிக்கும். முதல் தண்ணீர் தெளிவாக வராது. சருகு, பிளாஸ்டிக், நுரை எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, காய்ந்த மணலில் உறிஞ்சப்பட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வரும். பொடிசுகள் அதற்கு முன்னால் ஆற்றுக்குள்ளேயே ஓடும். பெரியவர்கள் கரையில் நின்று கும்பிடுவார்கள். 2024-இல் ஜூலை 28 வரை மேட்டூர் திறக்கவில்லை. அந்த ஜூன், ஜூலையில் எங்கள் ஊர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். இதைக் கோயில் பார்க்க வருகிற இரண்டு நாளில் பார்க்க முடியாது. இங்கே இருந்தால்தான் தெரியும்.

“புயல் வருமே டீச்சர்?” வரும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வந்தது. எங்கள் தெருவில் ஒரு தென்னை நிற்கவில்லை, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் இல்லை, மேலே தொட்டியில் தண்ணீர் இல்லை. தெருவே காசு போட்டு ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய் மோட்டார் போட்டோம். முதலில் கைக்குழந்தை இருந்த வீடு, அப்புறம் படுக்கையில் கிடந்த பெரியவர் வீடு, அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். யாரும் உட்கார்ந்து கூட்டம் போட்டு இந்த வரிசையை முடிவு செய்யவில்லை. 2015 வெள்ளத்தில் வேளச்சேரியில் முதல் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும். புயலும் வெள்ளமும் எங்கேயும் வரும். வந்த பிறகு யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

வெக்கை, கொசு என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சென்னையில் இருந்துகொண்டு அதைக் கேட்காதீர்கள்.

“சாதி?” என்று ஒரு தம்பி கேட்டார். இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். கீழ்வெண்மணி எங்கள் மண்ணில்தான் நடந்தது. 1968 டிசம்பர் 25, குடிசையில் வைத்து எரிக்கப்பட்ட தலித் கூலிக் குடும்பங்களின் 44 உயிர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல் கூட்டிக் கேட்டதற்கு. அதை மறந்துவிட்டு இந்த ஊரின் பெருமையைப் பேசுகிறவள் இல்லை நான். வகுப்பில் இன்றைக்கும் பேசுகிறேன், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். அதே நேரம் அந்தத் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். நகரத்தில் வீடு பார்க்கப் போனபோது “நீங்க எந்த ஆளுங்க?” என்று என்னிடம் கேட்ட வீட்டுக்காரர்கள் எத்தனை பேர் தெரியுமா? அந்த ஊரை மட்டும் யாரும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லையே.

வேலை இல்லை என்பார்கள். தொழிற்சாலை வரிசையாக இல்லைதான். ஆனால் ஒன்றுமே இல்லாத ஊர் என்கிற பேச்சு பொய். கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854-இல் தொடங்கியது, திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரியும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. சுவாமிமலையில் சிலை வார்க்கிறார்கள், நாச்சியார்கோயிலில் விளக்கு செய்கிறார்கள், திருபுவனத்தில் பட்டு நெய்கிறார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்து நெல் ரகங்களை எத்தனை மாவட்டத்தில் விதைக்கிறார்கள்! நீங்கள் சாப்பிடுகிற சோறு எங்கேயோ ஓர் ஆலையில் தயாராகிறது என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

மன்னார்குடி என்று ஓர் ஊர் இருப்பது பூமிக்கடியில் மீத்தேன் இருக்கிறது என்றபோது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. அப்போது யாரும் “அங்க என்ன இருக்கு?” என்று சிரிக்கவில்லை. இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயா மீத்தேன் எடுப்பதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தபோதே 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் உயிரை விட்டார். 2020-இல்தான் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்தது. தோண்டுவதற்கு ஏற்ற ஊர், வாழ்வதற்கு ஏற்காத ஊரா?

சரி, வெளியூர்க்காரர் சொன்னதை விடுங்கள். அவருக்குத் தெரியாது. நம் ஆட்களை என்ன செய்வது?

என் தம்பி இயந்திரவியல் டிப்ளமோ படித்தவன். அறுவடை இயந்திரம் வைத்திருக்கிறான், சொந்த நிலத்தில் குறுவை, தாளடி என்று இரண்டு போகம் நெல் போடுகிறான். சம்பா அறுப்பு நேரத்தில் அவனைப் பிடிக்கவே முடியாது, ராத்திரி பகலாகப் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். குடிப்பழக்கம் இல்லை, கடன் இல்லை. போன தையில் ஒரு பெண் வீட்டுக்குப் போனோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம். அந்தப் பெண்ணின் அப்பா பரம்பரையாக அந்த ஊரிலேயே விவசாயம் பார்ப்பவர். நல்ல மனிதர், சாப்பிடாமல் போகக் கூடாது என்று இலை போட்டுவிட்டார். பரிமாறிக்கொண்டே சொன்னார்: “மாப்பிள்ளை தங்கமான பையன்தாம்மா. ஆனா இங்கேயே இருக்கப் போறாராமே? எம் பொண்ணாவது இந்த ஊரை விட்டுப் போவட்டும்மா.”

தம்பி தலை நிமிராமல் சாப்பிட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை. சென்னையில் பதினைந்தாயிரம் சம்பளத்தில் அறையில் நான்கு பேரோடு தங்கியிருக்கிற பையனுக்குப் பெண் கொடுக்கத் தயார். ஏன் ஐயா? நீங்கள் இந்த ஊரில் நன்றாகத்தானே வாழ்ந்திருக்கிறீர்கள்? உங்கள் வயல், உங்கள் வீடு, உங்கள் குளம் எல்லாவற்றையும் நீங்களே வாழத் தகாதது என்று சொல்லிவிட்டால் நாங்கள் யாரோடு சண்டை போடுவது?

கிளம்பும்போது அந்தப் பெண் சமையலறை வாசலில் நின்றிருந்தது. அதனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கிற முறை எனக்கு அங்கே இல்லை.

தம்பிக்கு 31 வயது. நம் பக்கத்துப் பெண்ணோ வெளியூர்ப் பெண்ணோ, சாதியும் கேட்கப் போவதில்லை, நகையும் கேட்கப் போவதில்லை. யாருக்காவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். சென்னைக்கு மாறுவாரா என்று மட்டும் கேட்க வேண்டாம். மாற மாட்டான்.