பி0171 என்றால் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று அர்த்தமில்லை

பழைய பிக்கப்பில் பி0171 என்ற எஞ்சின் கோளாறுக் குறியீடு வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்று, பேட்டரியைக் கழற்றி மாட்டு, செக் எஞ்சின் விளக்கு போய்விடும் என்று சொல்வது தவறு. அந்தக் குறியீடு சொல்வது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதை மட்டும்தான். பெரும்பாலும் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, அதைப் போய் மாற்றுவது வீண் செலவு. ஸ்கேனரில் ஃப்யூவல் டிரிம் பாருங்கள், கலவையைச் சரிசெய்ய எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. ஐடிலில் பிளஸ்ஸில் எகிறி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ வேக்குவம் கசிகிறது, அதாவது அளக்கப்படாத காற்று உள்ளே நுழைகிறது, பழைய வண்டியில் வெடித்துப்போன ரப்பர் ஹோஸைத்தான் நான் முதலில் தேடுவேன். எஞ்சின் மேல் லோடு ஏற ஏற டிரிம்மும் ஏறினால் ஃப்யூவல் பம்ப், ஃபில்டர், அழுக்கான எம்ஏஎஃப் (உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார்) பக்கம் போங்கள். அப்புறம் தயவுசெய்து பேட்டரியைக் கழற்றாதீர்கள், கோளாறு பதிவான நேரத்து ஃப்ரீஸ் ஃபிரேம் தகவலும் அதோடு அழிந்துவிடும், கோளாறு அப்படியே இருப்பதால் விளக்கு திரும்ப எரியும்.