நேரமின்மை காரணமாக

ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகளின் நாடகத்தைப் பாதியில் நிறுத்திய அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எந்தப் பள்ளி, வந்தவர் யார் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதைக் கண்டித்து முந்தாநாள் ஃபேஸ்புக்கில் நான் போட்ட நாலு வரிக்குக் கீழே நடந்த சண்டையைப் பார்த்த பிறகு விளக்கமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் கடந்து போகலாம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். ஏரியைப் பற்றிய நாடகம். கட்டியங்காரன் வேஷம், அதாவது பாத்திரங்களை அறிமுகப்படுத்திச் சிரிக்க வைக்கிற கோமாளி வேஷம் கட்டிய பையன் கூட்டத்தை நன்றாகச் சிரிக்க வைத்துவிட்டு, அடுத்து வர வேண்டிய ஆளை அழைத்துக் கையை நீட்டுகிறான். அந்த நேரம் பார்த்து மைக்கில் ஒரு குரல்: "நேரமின்மை காரணமாக நாடகம் இத்துடன் நிறைவு பெறுகிறது. சிறப்பு விருந்தினர் அடுத்த நிகழ்ச்சிக்குச் செல்ல வேண்டியிருப்பதால்..." நீட்டிய கையை மடக்காமலே அந்தப் பையன் திரும்பிப் பார்க்கிறான். கேமரா ஒரு நொடி மேடை ஓரத்துக்குப் போகிறது. அங்கே தலையில் பவுடரைக் கொட்டி நரையாக்கிக்கொண்டு, கையில் கம்போடு, பாட்டி வேஷத்தில் ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள். அவள் இன்னும் மேடையில் காலே வைக்கவில்லை.

அவசரமாகப் போக வேண்டியிருந்த அந்த விருந்தினர் அதன்பிறகு முக்கால் மணி நேரம் பேசினார். எதைப் பற்றி? ஆளுமை வளர்ச்சியைப் பற்றி. "டிராமா எல்லாம் ஃபன், என்ஜாய் பண்ணுங்க. ஆனா லைஃப்ல ஜெயிக்க பர்சனாலிட்டி வேணும்" என்றார். பெற்றோர் கைதட்டினார்கள்.

என் வயிறு எரிந்தது அந்தக் கைதட்டலுக்குத்தான்.

குரலை எங்கே இறக்க வேண்டும், எங்கே ஒரு கணம் நிறுத்த வேண்டும், எப்போது மேடையின் முன்னுக்கு வர வேண்டும் என்று அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவ்வளவும் மேடைக்காரர்களின் தொழில். அதைக் கற்றுக்கொண்டு சம்பாதிப்பவர், அதையே கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தான் ஏறி நிற்கிறார். அவர் கற்காதது ஒன்றுதான்: அடுத்தவர் பேசி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருப்பது. நாடகம் முதலில் சொல்லித்தருவதே அதைத்தான்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், திரும்பத் திரும்ப இதையேதான் சொல்லப்போகிறேன். நாடகத்தில் நடித்தால் மேடைக் கூச்சம் போகும், தன்னம்பிக்கை வரும் என்கிறீர்களே, அது பெரிய விஷயமே இல்லை. கூச்சம் போன ஆட்களால்தான் இந்த நாட்டில் பாதித் தொல்லை. நாடகம் ஒரு ஆளை வளர்ப்பது வேறு வழியில். எதிரில் நிற்பவனைக் கேட்க வைக்கிறது. இன்னொருவர் நிற்கிற மாதிரி நின்று பார்க்க வைக்கிறது. இந்த இரண்டையும் உடம்பு வழியாகக் கற்றுத்தர வேறொரு பாடம் நம் பள்ளிகளில் இல்லை.

செய்யாறு பக்கம் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் திரையைப் பிடிக்க, வேஷக்காரர் அதன் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வருவார். அவர் பாடி விடுகிற அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாட வேண்டும். எங்கே விடுவார், எந்த இடத்தில் இழுப்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தால்தான் வாங்க முடியும். அவர்கள் வாங்கிப் பாடுகிற நேரத்தில்தான் அவ்வளவு பெரிய கிரீடமும் தோளில் கட்டுகிற புஜக்கட்டையும் சுமந்து ஆடுகிறவருக்கு மூச்சு கிடைக்கும். ராத்திரி முழுக்க ஒருவர் இன்னொருவருக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிற கலை அது. அந்தப் பக்கத்துப் புரிசை கிராமத்தில் தலைமுறை தலைமுறையாகத் தம்பிரான் குடும்பம் சொல்லிக்கொடுத்து வருகிற பாடம். அதைத்தான் அந்த விருந்தினர் 'ஃபன்' என்கிறார்.

என் கதையையும் சொல்கிறேன். கேட்டவர்கள் மறுபடி கேளுங்கள்.

நான் படித்தது பெண்கள் கல்லூரி. எங்கள் நாடகத்தில் ஆண் வேஷமும் நாங்களே. எனக்கு வந்தது டவுன் பஸ் கண்டக்டர் வேஷம். தினமும் சில்லறைக்குச் சண்டை போட்டு, டிக்கெட்டுக்குப் பின்னால் அவர் எழுதிக் கொடுக்கிற மீதியை வாங்க மறந்து, வீட்டில் வந்து திட்டிக்கொண்டிருந்தவள் நான். ஒத்திகையில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எரிந்து விழுந்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாடகம் சொல்லித்தர வந்திருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நீ கண்டக்டரை நடிக்கலடி. அவர் மேல உனக்கிருக்கிற கோவத்தை நடிக்கிற. போய் பஸ்ல உக்காந்து பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். கடைசி ஸ்டாப் வரை டிக்கெட் எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். அவர் எதையும் பிடித்துக்கொள்வதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? இரண்டு கையும் டிக்கெட்டுக்கும் காசுக்கும் வேண்டும். அதனால் சீட்டு முதுகில் இடுப்பைக் கொடுத்துச் சாய்ந்து, காலை அகட்டி, பிரேக் போடுகிற போதெல்லாம் உடம்பாலேயே சமாளிக்கிறார். ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் வைத்திருக்கிறார், பத்து ஒரு இடுக்கு, இருபது ஒரு இடுக்கு. கடைசி ட்ரிப்பில் பஸ் காலியானதும் உட்காரவில்லை, நின்றபடி கணக்குப் பார்க்கிறார். குறைந்தால் அவர் கைக்காசு. செருப்பிலிருந்து ஒரு குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வலி.

மறுநாள் ஒத்திகையில் அந்தக் குதிகாலிலிருந்து தொடங்கினேன். குரல் தானாக மாறியது. இன்னொன்றும் நடந்தது. பிறந்ததிலிருந்து காலை ஒட்டி உட்கார், மெல்லப் பேசு, ஓரமாய்ப் போ என்று வளர்க்கப்பட்ட ஒரு பெண், காலை அகட்டி நடுவில் நின்று "உள்ள போம்மா, உள்ள போ" என்று கத்துகிறாள். அந்தக் குரல் எனக்குள் இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கு அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிறதென்றால் அது அந்தக் கண்டக்டர் கொடுத்த குரல். அவரை அப்படிப் பார்த்த பிறகுதான் அது வந்தது. தன்னம்பிக்கை வகுப்புக்குப் போயிருந்தால் வந்திருக்காது.

என் அப்பா அந்த நாடகத்தைப் பார்க்க வரவில்லை. அதற்கப்புறம் போட்டதற்கும் வரவில்லை. "பொம்பளப் பிள்ளைய மேடையில ஆட விட்டிருக்கான்" என்று பெரியப்பா வீட்டில் பேசினார்களாம், அதைக் கேட்டுவிட்டு வந்து என்னோடு பேசாமல் இருந்தார். அவர் இப்போது இல்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், என் பதிவுக்குக் கீழே ஒருவர் "கூத்தாடிகளுக்கு எல்லாம் இப்ப ரோஷம் வருது" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர். பெரியப்பா வீட்டுத் திண்ணை இப்போது ஃபேஸ்புக்குக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவருக்கு வேண்டுமானால் வரலாறு சொல்லலாம். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீலாக இருந்து நீதிபதியானவர். அந்தச் சபையில் வேஷம் கட்டியவர் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி. அண்ணா தான் எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் காகபட்டராக மேடையேறினார், அதில் சிவாஜியாக நடித்த கணேசனுக்குத்தான் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நாம் வாயைப் பிளந்து கேட்ட பேச்சாளர்களில் எத்தனை பேர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள் என்று அவரே எண்ணிக்கொள்ளட்டும். ஆனால் இந்தப் பட்டியலைக் காட்டி நாடகத்துக்கு மரியாதை வாங்க எனக்கு விருப்பமில்லை. யாரும் பெரிய ஆளாக வராவிட்டாலும் அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நாடகம் முக்கியம்தான்.

"பாய்ஸ் கம்பெனியில பிள்ளைகளை அடிச்சு வேலை வாங்கினாங்களே, அதுவும் ஆளுமை வளர்ச்சியா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பாய்ஸ் கம்பெனி என்றால் சிறுவர்களையே நடிக்க வைத்த அந்தக் கால நாடகக் குழு. நியாயமான கேள்வி. பின்னாளில் பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகம் 1918இல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சபையில், அப்படிப்பட்ட ஒரு குழுவில், சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் ஊர் ஊராகப் போன பிள்ளைகள். அந்த முறை திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. பிள்ளைகள் பள்ளியில் இருக்கட்டும், நாடகம் பள்ளிக்கு வரட்டும் என்கிறேன்.

"மார்க் குறையும்" என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

"சினிமாவுல சான்ஸ் கிடைக்குமா?" என்று கேட்கிற பெற்றோர் வேறு ரகம். எழுத்தாளர் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவிலிருந்து பசுபதி வந்தார், குரு சோமசுந்தரம் வந்தார், அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்த விஜய் சேதுபதி வந்தார். உண்மைதான். ஆனால் கணக்கு வாத்தியாரிடம் போய் "என் பிள்ளை ராமானுஜன் ஆவானா?" என்று கேட்டுவிட்டா கணக்குப் போட அனுப்புகிறீர்கள்?

"நாடகக்காரங்க எல்லாம் யோக்கியமா? உங்க குழுக்களுக்குள்ள சண்டை இல்லையா? பெண்கள்கிட்ட அத்துமீறினவங்க இல்லையா?" இந்தக் கேள்விதான் என்னை ராத்திரி தூங்க விடவில்லை. இருக்கிறார்கள். மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு, ஒத்திகை முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கிற பெண்ணிடம் வேறு மாதிரிப் பேசுகிறவர்களை எனக்கும் தெரியும். அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் சொல்கிறேன், நாடகத்தில் இருப்பது மட்டும் போதாது. கேட்கக் கற்காமல் கைதட்டலை மட்டும் கற்றவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டவரின் நோக்கம் அந்தப் பெண்களின் மேல் உள்ள அக்கறை இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நாடகத்தை நிறுத்தியது சரி என்று நிறுவுவதற்கு எங்கள் காயத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். தயவுசெய்து.

இப்போது என் பள்ளி. அரசுப் பள்ளி. 2022இலிருந்து மாணவர்களுக்குக் கலைத் திருவிழா என்று கலைப் போட்டிகள் நடத்துகிறார்கள், நல்ல விஷயம், எங்கள் பிள்ளைகளுக்கும் மேடை கிடைக்கிறது. ஆனால் போட்டிக்கென்று அவசரமாகத் தயாரிப்பது வேறு, ஆண்டு முழுக்கச் செய்வது வேறு. நான் மாலையில் பிள்ளைகளை வைத்துக் கண்ணாடிப் பயிற்சி செய்வேன். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவர் அசைவதை இன்னொருவர் கண்ணாடிபோல அப்படியே செய்ய வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பையன்கள். ஒருவன் ஊர்த்தெரு, ஒருவன் காலனி. ஒருவன் மணிக்கட்டில் சாதியைக் காட்டுகிற கலர் கயிறு. நாங்குநேரியில் 2023இல் சாதி வெறியில் ஒரு மாணவனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அதன்பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் இந்தக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று பரிந்துரைத்ததும் நினைவிருக்கும். கயிற்றை அறுக்கச் சொல்லலாம், அறுத்தும் விடுவார்கள். அதற்கு மேல் என்ன செய்வது?

அந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்தினேன். முதல் நாள் ஒருவன் தரையைப் பார்த்தான், ஒருவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பல நாள் கழித்துத்தான் பார்வை நேராக நின்றது. கைகள் மெல்ல ஒன்றாக ஏறின, யார் முதலில் தூக்கினார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

நண்பர்களாகிவிட்டார்களா என்றால், இல்லை. சாப்பாட்டு நேரத்தில் தனித்தனியாகத்தான் உட்கார்கிறார்கள். கயிறு கட்டிய பையன் மறுபடி வேறு கயிறு கட்டிக்கொண்டு வந்தான், மறுபடி பேச வேண்டியிருந்தது. நாடகம் சாதியை ஒழிக்கும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, அப்படி நான் சொன்னதாக எழுதாதீர்கள். ஆனால் நாடகத்தன்று காலனிப் பையன் வசனத்தை மறந்து நின்றபோது, அடுத்த நொடியே எடுத்துக்கொடுத்தது இவன்தான், உதடு அசையாமல். அவனுக்கு எடுத்துக்கொடுக்க வேண்டுமென்றால் அவன் வசனம் முழுக்க இவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை நாள் இவன் அவனைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். முக்கால் மணி நேரப் பேச்சில் இதைச் செய்துகாட்டுங்கள், நானே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறேன்.

அந்தப் பாட்டி வேஷக்காரப் பிள்ளையும் நாடகம் தொடங்கியதிலிருந்து மேடை ஓரத்தில் நின்று மற்றவர்களைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். யார் எந்த வரி சொன்னால் தான் உள்ளே போக வேண்டும் என்று. அந்த வரியும் வந்தது. கையும் நீண்டது. அவளிடம் "இதெல்லாம் ஃபன்" என்று யார் போய்ச் சொன்னீர்கள்?

கடைசியாக ஒன்று. அந்த நாடகத்தைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை இன்பாக்ஸில் வந்தார். பதிவை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். வேலைக்குப் பயப்படுகிறார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பள்ளி முடிந்து தினமும் நின்று அந்தப் பிள்ளைகளைத் தயார்செய்தவர் அவர்தான். அவருக்காகத்தான் ஊர்ப்பெயர்கூட எழுதவில்லை. பிள்ளைகளின் முகம் தெரிகிற அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பதிவை நான் எடுக்க மாட்டேன்.

ஆண்டு விழா சீசன் இன்னும் முடியவில்லை. விழா நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன்: அழைப்பிதழில் நாடகம் என்று அச்சடித்தால் அதை முழுசாக நடத்துங்கள். விருந்தினர் உரையை அதற்குப் பிறகு வையுங்கள். அவர் உட்கார்ந்து பார்க்கட்டும், பார்த்துவிட்டுப் பேசட்டும். அவ்வளவு நேரம் அவருக்கு இல்லையென்றால் அவரைக் கூப்பிடாதீர்கள்.