25 நிமிடத்தில் மூன்று உத்தரவு

1942 ஜூலை 4, இரவு 9.11. லண்டனில் இருந்து வயர்லெஸ்ஸில் ஓர் உத்தரவு: "மிக அவசரம். குரூசர்கள் அதிவேகத்தில் மேற்கே விலகவும்." 9.23க்கு அடுத்தது: "அவசரம். எதிரிப் போர்க்கப்பல்களால் ஆபத்து இருப்பதால் கான்வாய் கலைந்து ரஷ்யத் துறைமுகங்களுக்குச் செல்லவும்." 9.36க்கு மூன்றாவது: "மிக அவசரம். கான்வாய் சிதறவும்." (கான்வாய் என்பது காவலோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்கள், குரூசர் என்பது அவற்றுக்குத் துணையாக வந்த பெரிய போர்க்கப்பல்.)

இதை வாங்கிப் படிக்கிற இடத்தில் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே பேரன்ட்ஸ் கடல். நடுராத்திரியிலும் சூரியன் மறையாத பருவம். சுற்றிலும் முப்பதுக்கு மேல் சரக்குக் கப்பல்கள், வயிறு நிறைய ஜெர்மனியோடு போரிடும் ரஷ்யாவுக்கான டாங்கிகளும் விமானங்களும். 25 நிமிடத்துக்குள் இப்படி மூன்று உத்தரவு வந்து விழுந்தால் என்ன நினைப்பீர்கள்? ஜெர்மனியின் மிகப் பெரிய போர்க்கப்பலான டிர்பிட்ஸ் இதோ தொடுவானத்தில் தலைகாட்டப் போகிறது என்றுதானே? ஜாக் ப்ரூமும் அப்படித்தான் நினைத்தார். பி.க்யூ. 17 என்ற அந்தக் கான்வாயின் காவல் கப்பல்களுக்கு அவர்தான் தலைவர். சண்டை நெருங்கிவிட்டது என்று நம்பி, தன் ஆறு டெஸ்ட்ராயர்களையும் (சிறிய, வேகமான போர்க்கப்பல்கள்) கூட்டிக்கொண்டு குரூசர்களோடு சேரப் போய்விட்டார்.

டிர்பிட்ஸ் அப்போது நார்வேயின் ஆல்ட்டா ஃபியோர்டில் நங்கூரம் போட்டுக் கிடந்தது.

இந்தக் கதையைப் பேச ஆரம்பித்தால் எல்லாரும் இந்த உத்தரவுகளை அனுப்பிய பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் டட்லி பவுண்டைத் திட்டுவதில் போய் முடிப்பார்கள். கொஞ்சம் இரக்கம் உள்ளவர்கள், "அவருக்கு மூளையில் கட்டி இருந்தது, அடுத்த வருஷமே செத்துப்போனார்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. அவர் கணிப்பு தப்பியதை மன்னிக்கலாம், போரில் அது தினசரி நடப்பது. தன்னுடைய ஊகத்தை ஊகம் என்று சொல்லாமல், தெரிந்த செய்தி மாதிரி அனுப்பினார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கான்வாய் என்றால் நமக்கு உடனே பள்ளியில் படித்த நான்கு எருதுகளும் சிங்கமும் ஞாபகத்துக்கு வரும். ஒற்றுமையே பலம். உண்மையில் கான்வாய் வேலை செய்வது அதனால் இல்லை. கடல் பெரிது, நீர்மூழ்கியின் கண்ணுக்கு எட்டும் தூரம் சிறிது, காரணம் அவ்வளவுதான். நாற்பது கப்பல் சேர்ந்து போனாலும் அந்தப் பரப்பில் அது ஒற்றைக் கப்பலைவிடக் கொஞ்சம் பெரிய புள்ளி. நாற்பதும் தனித்தனியே போனால் கண்ணில் பட நாற்பது வாய்ப்பு. கண்ணில் பட்டாலும், ஒரு நீர்மூழ்கி இரண்டு மூன்றைத் தாக்குவதற்குள் மற்றவை கடந்துவிடும், காவல் கப்பல்களும் வந்து சேர்ந்துவிடும். இந்த எளிய கணக்கு அட்மிரல்களுக்கே 1917 வரை மண்டையில் ஏறவில்லை.

ஆனால் எதிரே வருவது டிர்பிட்ஸ் போன்ற கப்பல் என்றால் கணக்கு தலைகீழ். அதன் 15 அங்குல பீரங்கிகளுக்கு முன்னால் கும்பலாக நின்றால் ஒரு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். சிதறுவதுதான் வழி. 1940 நவம்பரில் அட்லான்டிக்கில் அட்மிரல் ஷீர் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் ஒரு கான்வாயைத் தாக்கியபோது, ஜெர்விஸ் பே என்ற ஒற்றைக் காவல் கப்பல் எதிர்த்து நின்று மூழ்கியது. அதற்குள் மற்றவை சிதறி ஓடின, பெரும்பாலானவை தப்பின. எனவே பவுண்ட் சொன்னது பைத்தியக்காரத்தனம் இல்லை, முன்னுதாரணம் இருந்தது. ஆனால் அங்கே எதிரி கண்ணெதிரே நின்றான், இருட்டும் நேரம், ஓட அகலமான கடல். இங்கே வடக்கே பனிச்சுவர், தெற்கே ஜெர்மன் விமான தளங்கள், இருட்டு என்பதே கிடையாது.

சரி, டிர்பிட்ஸ் கிளம்பவில்லை என்று யாருக்குமே தெரியாதா? லண்டனில் நார்மன் டென்னிங் என்ற உளவுப் பிரிவு அதிகாரி ஓரளவு தெரிந்துதான் வைத்திருந்தார். எனிக்மா என்ற ஜெர்மன் ரகசியக் குறியீட்டை உடைத்து அவர்கள் செய்திகளைப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. பெரிய கப்பல்கள் கிளம்பினால், "நம் கப்பல்கள் வருகின்றன, தெரியாமல் சுட்டுவிடாதீர்கள்" என்று நீர்மூழ்கிகளுக்கு எச்சரிக்கை போகும். அப்படி ஒன்றும் போகவில்லை. அந்த மௌனத்தில் இருந்துதான் டிர்பிட்ஸ் துறைமுகத்திலேயே இருக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். பவுண்ட் கேட்டது வேறு கேள்வி: உறுதியாகச் சொல்ல முடியுமா? எந்த உளவு அதிகாரியால் அப்படி உறுதி தர முடியும்?

அப்புறம் அந்த மூன்றாவது செய்தி. எனக்கு இதில் அதிகம் உறுத்துவது அதுதான். கடற்படை மொழியில் "கலையவும்" என்றால் அணியை விட்டுவிட்டு ஒவ்வொரு கப்பலும் தன் வேகத்தில் அதே துறைமுகத்துக்குப் போக வேண்டும். எல்லாருக்கும் ஒரே இடம் என்பதால் ஏறக்குறைய கும்பலாகவேதான் போவார்கள். "சிதறவும்" என்றால் நட்சத்திரத்தின் முனைகள் மாதிரி ஆளுக்கொரு திசை. இரண்டாவது செய்தியில் விழுந்த தவறான சொல்லைத் திருத்தத்தான் மூன்றாவது போனது. வெறும் பிழைதிருத்தம்! ஆனால் அது "மிக அவசரம்" என்ற முத்திரையோடு போனதால், கடலில் இருந்தவர்களுக்கு ஆபத்து நிமிடத்துக்கு நிமிடம் நெருங்குவதாகப் பட்டது. தலைமை அலுவலகத்தில் இருந்து வரும் ஒற்றை வரி மெயிலைப் பார்த்து வயிறு கலங்கியவர்களுக்கு இது புரியும்.

எனிக்மாவை உடைத்த ரகசியம் வெளியே போய்விடக் கூடாது, அதனால் காரணம் சொல்ல முடியவில்லை என்று வாதாடுவார்கள். ஒத்துக்கொள்கிறேன். "உறுதியான தகவல் இல்லை" என்று ஒரு வரி சேர்க்க எந்த ரகசியத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்? அந்த வரி இருந்திருந்தால் ப்ரூம் கான்வாயை விட்டுப் போயிருக்க மாட்டார் என்றுதான் நான் நம்புகிறேன். காவலோடு சேர்ந்து வந்தவரை கான்வாய் இழந்தது மூன்றே கப்பல். ப்ரூம் நகைச்சுவை உணர்வுள்ள ஆள் வேறு. பெரிய போர்க்கப்பல் தாக்கினால் நீர்மேலேயே இருக்க உத்தேசம் என்று கூட வந்த பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்று செய்தி அனுப்பியதற்கு, "எனக்கும் அதே உத்தேசம்தான்" என்று பதில் போட்டவர். கான்வாயைக் கைவிட்டவர் அவர்தான் என்று பின்னாளில் ஒரு புத்தகம் பழி போட்டது. வழக்குப் போட்டு, 1970ல் 40,000 பவுண்டு இழப்பீடு வாங்கினார்.

டிர்பிட்ஸ் ஜூலை 5 மதியத்துக்கு மேல்தான் கிளம்பியது, அன்று இரவே திருப்பி அழைக்கப்பட்டது. ஒரு குண்டுகூடச் சுடவில்லை. சுட வேண்டிய தேவையும் இல்லை, தனித்தனியாகப் போன கப்பல்களை விமானங்களும் நீர்மூழ்கிகளும் ஆற அமர வேட்டையாடின. அந்த ஒரு நாளில் மட்டும் பத்துக்கு மேல். மொத்தம் 24 கப்பல்கள் போயின. 430 டாங்கி, 210 விமானம், 3,350 வண்டிகள் கடலடியில். வணிகக் கப்பல் மாலுமிகள் 153 பேர் செத்தார்கள்.

இந்த மாலுமிகள் ராணுவத்தார் இல்லை. பிரிட்டிஷ் கப்பல்களில் 1941 மே வரை, கப்பல் மூழ்கிய அன்றோடு சம்பளம் நின்றுவிடும். உயிர்ப்படகில் தவித்த நாளுக்குக் கூலி கிடையாது. பிரிட்டனின் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்திய மாலுமி, அவருக்குச் சம்பளமே வெள்ளைக்காரர் வாங்கியதில் ஒரு துண்டுதான். காவல் கப்பல்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போவதைக் கப்பல் தளத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல யாரும் இல்லை.

காவலுக்கு வந்தவற்றில் ஏர்ஷயர் என்று ஒரு சின்ன டிராலரும் இருந்தது, அசலில் மீன்பிடிக் கப்பல். அதன் தலைவர் லியோ கிராட்வெல் தொழிலில் வக்கீல். (1963ல் பிரிட்டிஷ் அரசியலை உலுக்கிய புரொஃப்யூமோ விவகாரத்தில், ஸ்டீஃபன் வார்டு வழக்கின் ஆரம்ப விசாரணையை நடத்திய மாஜிஸ்திரேட் இவரேதான்.) தனியாகப் போகச் சொன்ன உத்தரவு அவருக்கும் வந்தது. அவர் வழியில் கண்ட மூன்று சரக்குக் கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு நேராக வடக்கே, பனிக்கட்டிக்குள் நுழைந்தார். கப்பலில் இருந்த வெள்ளைப் பெயின்டை எடுத்து அடிக்கச் சொன்னார், மீதி இடத்தில் படுக்கை விரிப்புகளைப் போர்த்தினார்கள். தளத்தில் கட்டியிருந்த டாங்கிகளின் பீரங்கிகளில் குண்டு ஏற்றி வைத்தார்கள், கொண்டுபோன சரக்கையே ஆயுதமாக்கினார்கள். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பனியோடு பனியாகக் காத்திருந்தார்கள்.

ரஷ்யத் துறைமுகமான ஆர்க்காங்கெல்ஸ்க் போய்ச் சேர்ந்த கப்பல்களில் மூன்று, அந்த வக்கீல் கூட்டிக்கொண்டு வந்தவை.