பாண்டியனுக்கு எதற்கு ரோமாபுரி எக்காளம்?

பாண்டியர் காலத்துக் கதை என்று இன்னொரு படத்தின் முன்னோட்டம் வந்திருக்கிறது. அரை நிமிடத்துக்குள் அதே இடிமுரசு, பொருளே இல்லாமல் ஓலமிடும் அதே கோரஸ், குதிரை காலைத் தூக்கும்போதெல்லாம் அதே டிராம்போன் முழக்கம். எத்தனை படங்களுக்குத்தான் இதையே கேட்பது? ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 2025 மார்ச்சில் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியபோது நெஞ்சு நிமிர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவுக்காகப் புடாபெஸ்ட் வரை போய்ப் பதிவு செய்பவர்களுக்கு, சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை வரவேற்கும் எதிர்சேவையன்று மதுரைத் தல்லாகுளத்தில் வளைந்த குச்சி உறுமியின் தோலைத் தேய்க்கும்போது அடிவயிற்றைப் பிசைகிற அந்த முனகல் மட்டும் ஏன் காதில் விழுவதில்லை? குழலோன், யாழோன், தண்ணுமையோன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இலக்கணம் சொல்கிறது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. தட்டினால் சுரம் பேசும் கல்தூண்கள் மீனாட்சியம்மன் கோயிலிலேயே நிற்கின்றன. இத்தனையும் இருக்க, பாண்டியன் அவைக்குள் நுழையும்போது ரோமாபுரிப் படைக்கு ஊதுகிற எக்காளம்தானா ஒலிக்க வேண்டும்? மன்னன் பேசாமல் நிற்கும் காட்சியில்கூட ஒற்றை யாழ் நரம்புக்கு இடம் விடமாட்டார்களா? வசனமே கேட்காத அளவுக்கு ஒலியைக் கூட்டிவிட்டால் அதற்குப் பெயர் பிரம்மாண்டமா?