மனசு கைய அசைக்கிறதுக்கு எந்த விதியும் உடைய வேண்டியதில்ல

பிரக்ஞையால, அதாவது நாம உள்ளுக்குள்ள உணர்றதால, இந்த பௌதிக உலகத்துல ஏதாவது செய்ய முடியுமானு பேச்சு வந்தா, ஒரு பக்கம் எல்லாமே மூளைல நடக்குற கெமிஸ்ட்ரிதான், பிரக்ஞை சும்மா கூட ஒட்டிட்டு வருதுங்கிறாங்க, இன்னொரு பக்கம் உடனே குவாண்டத்த, அதான் அணு அளவுல நிகழ்தகவ வச்சு பேசுற இயற்பியல, இழுத்துடுறாங்க. எனக்கு ரெண்டுமே ஒத்து வரல.

கேள்வி பழசுதான். 1643லயே பொஹிமியா இளவரசி எலிசபெத், மனசும் உடம்பும் வேற வேறனு சொன்ன தத்துவவாதி டேகார்ட்டுக்கு லெட்டர் போட்டு கேட்டாங்க, ஜடமே இல்லாத ஆன்மா உடம்ப எப்படி நகர்த்தும்னு. அவர் சொன்ன பதில் அவங்களுக்கு திருப்தியா இல்ல, எனக்கும்தான். ஆற்றல புதுசா உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாதுங்கிற ஆற்றல் அழிவின்மை விதி வந்தப்புறம் சிக்கல் இன்னும் இறுகிடுச்சு, வெளியிலிருந்து ஒண்ணு வந்து நரம்ப தள்ளுதுன்னா அதுக்கான ஆற்றலுக்கு கணக்கு காட்டணும்ல.

அந்த கணக்குல இருந்து தப்பிக்கத்தான் குவாண்டம். நோபல் வாங்குன நரம்பியல் விஞ்ஞானி ஜான் எக்கிள்ஸே 1992ல இயற்பியலாளர் பிரெட்ரிக் பெக்கோட சேர்ந்து ஒரு யோசனை சொன்னார், நரம்பு முனைல கெமிக்கல் வெளிய வர்றதுக்கான நிகழ்தகவ மனசு லேசா கூட்டுது, ஆற்றல் எதுவும் செலவாகலனு. கேக்க அழகாத்தான் இருக்கு, ஆனா அந்த நிகழ்தகவுக்கும் ஒரு விதி இருக்குங்க, 1926ல இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் சொன்னது. மனசு தன் இஷ்டத்துக்கு சாய்ச்சா அந்த விதி உடைஞ்சுடும், சாய்க்கலன்னா நடக்குறது வெறும் தற்செயல், அதுல மனசுக்கு என்ன வேலை?

என் கட்சி இதுதான். மனசு வெளியிலிருந்து மூளைய தள்ளல, மூளைல நடக்குற அந்த செயலேதான் உள்ளிருந்து பாத்தா மனசு. அப்ப தள்ளுறதுக்கு ரெண்டாவது ஆளே தேவையில்ல, விதியும் உடையல.

இதுக்கு ஒரு உதாரணம். 1978ல லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூணு பேரும் கடவாப் பல் பிடுங்குனவங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. மருந்தே இல்லாத ஊசிய வலி மருந்துனு நம்பி போட்டுக்கிட்டதுல சிலருக்கு வலி குறைஞ்சுது. அவங்களுக்கே நலாக்சோன் குடுத்ததும் வலி ஏறிடுச்சு. உடம்பு தானா சுரக்குற ஓபியாய்டு, அதான் வலிய குறைக்கிற கெமிக்கல், போய் உக்கார்ற இடத்த அடைக்கிற மருந்து அது. அதாவது நம்பிக்கை வேலை செஞ்சது நிஜம், ஆனா காத்துல செய்யல, கெமிக்கல் வழியா செஞ்சுருக்கு, அந்த வழிய அடைச்சா நின்னுடுது. இதவிட தெளிவா எப்படிங்க காட்ட முடியும்!

பிரக்ஞைக்கு எந்த பலனும் இல்ல, ரயில் இன்ஜின் விசில் மாதிரி, சத்தம் வரும் ஆனா ரயில ஓட்டாதுனு 1874ல உயிரியலாளர் ஹக்ஸ்லி சொன்னத இன்னும் நம்புறவங்க இருக்காங்க. அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வலிங்கிற உணர்வு எதையுமே செய்யாதுன்னா, "வலிக்குது"னு வாய் சொல்றது அந்த வலியால இல்லனு ஆகுது. அப்ப பிரக்ஞையப் பத்தி மனுஷன் எழுதுன அத்தனையும், இந்த பதிவு உட்பட, பிரக்ஞைக்கு சம்பந்தமே இல்லாம எழுதப்பட்டதுனு ஒத்துக்கணும். என்னால முடியல.

இவ்ளோ சொல்லியும், அந்த மூளைச் செயலுக்கு ஏன் உள்பக்கம்னு ஒரு அனுபவம் இருக்கணும்ங்கிற கேள்வி அப்படியேதான் நிக்குது, அது வேற கேள்வி, இதவிட கஷ்டமான கேள்வி. ஆனா மனசு விதிய மீறி பொருள நகர்த்தும்னு சொல்றவங்க காட்ட வேண்டியது ரொம்ப எளிமையான ஒண்ணு, மின்னழுத்தமும் கெமிக்கலும் சிக்னல் அனுப்பாதேன்னு சொல்ற இடத்துல சிக்னல் அனுப்புன ஒரே ஒரு நியூரான், அதான் நரம்பு செல். அத யாராவது அளந்து காட்டட்டும், என் கருத்த மாத்திக்கிறேன்.