பால்வினை நோய் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: பால்வினை நோய் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும், நிறைய தண்ணீர் குடித்து சிறுநீரை நன்றாகக் கழித்துவிட வேண்டும், இரண்டு நாள் முன்பே ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொள்ள வேண்டும் என்று. மூன்றுமே தவறு.

எச்ஐவி, சிஃபிலிஸ் ரத்தப் பரிசோதனைகளுக்குப் பட்டினி தேவையில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டே போங்கள். சிறுநீர்ப் பரிசோதனை என்றால் விஷயமே தலைகீழ். கிளமிடியா, கொனோரியா கிருமிகளைத் தேட, குறைந்தது ஒரு மணி நேரம் அடக்கிய பிறகு வருகிற சிறுநீரின் முதல் பகுதியைத்தான் அந்தச் சின்னக் கப்பில் பிடிக்க வேண்டும், ஏனென்றால் சிறுநீர்க்குழாயில் இருக்கும் கிருமி அதில்தான் வரும். கிளம்பும் முன் சிறுநீர் கழித்துவிட்டால் அது தவறிப்போகலாம்.

மாத்திரை விஷயம்தான் எனக்கு உண்மையிலேயே பயம். அரைகுறையாகப் போட்டால் நோய் குணமாகாமலே பரிசோதனையில் மறைந்துகொள்ளலாம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? சரி, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், கடைசியாக உறவு கொண்ட தேதியையும் சொல்லுங்கள். எச்ஐவி தொற்று ரத்தத்தில் தெரிய, பரிசோதனையைப் பொறுத்து மூன்று மாதம் வரைகூட ஆகலாம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம், 2017 எச்ஐவி/எய்ட்ஸ் சட்டப்படி முடிவு ரகசியம். சந்தேகமா, எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு அழையுங்கள்.